மூன்றாவது நாற்காலியில் அரிசிப் பை

1

சென்ற வாரம் என் மனைவி சுமதி தன் உரிமத்தை முதல் முறையாகப் புதுப்பித்தாள். கார் ஓட்டும் உரிமம் அல்ல. அதை மெல்பர்னுக்கு வந்த ஆறாவது மாதமே வாங்கிவிட்டாள், என்னைவிட ஒழுங்காகவும் ஓட்டுகிறாள். இது, மற்றவர்கள் என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்வதற்கான உரிமம். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியனாக ஒன்பது வருடம் அவள் செய்துகொண்டிருந்த அதே வேலைதான். அதை இங்கே செய்ய அனுமதி கிடைப்பதற்கு நான்கு வருடம் ஆயிற்று.

புதுப்பிக்கும் படிவம் கணினியில் வந்திருந்தது. வருடம் முழுக்க எத்தனை மணி நேரம் படித்தீர்கள், எந்தப் பயிற்சிக்குப் போனீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கட்டம். உங்கள் வேலை முறையை மாற்றிய ஒரு நோயாளியைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி எழுதவும். சுமதி யோசிக்கவே இல்லை. மளமளவென்று தட்ட ஆரம்பித்தாள். நான் காபியோடு பின்னால் போய் எட்டிப் பார்த்ததும் திரையைக் கையால் மறைத்தாள்.

"பேஷண்ட் விஷயம். நீங்க பாக்கக் கூடாது."

"யாரு அந்த பேஷண்ட்?"

"கந்தசாமி."

நான் காபியை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். கந்தசாமி யார் என்பது எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஒரு வருடம் ஆகிவிட்டது, இனி உங்களுக்கும் தெரியட்டும்.

2

ஊரிலிருந்து ஃபோனில் பேசும் உறவினர்களுக்கு இந்த உரிம விவகாரத்தை விளக்கி விளக்கித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இங்கே டாக்டர், நர்ஸ், பல் டாக்டர் எல்லோருக்கும் அரசாங்கப் பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் இல்லாமல் தொழில் செய்தால் குற்றம். டயட்டீஷியன்கள் அந்தப் பதிவேட்டில் கிடையாது. அவர்களை அவர்களுடைய தொழில் சங்கமே சோதித்து, தேர்வு வைத்து, தகுதிச் சான்று தருகிறது. சட்டம் அந்தச் சான்றைக் கேட்கவில்லை. ஆனால் எந்த ஆஸ்பத்திரி விளம்பரத்தைப் பார்த்தாலும் முதல் வரியிலேயே அதைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் பேச்சுவழக்கில் அதை லைசென்ஸ் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

சுமதியின் அண்ணனுக்கு இது எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை.

"சட்டம் கேக்கல இல்ல மாப்ள? அப்புறம் என்ன? வீட்டு வாசல்ல ஒரு போர்டு மாட்டச் சொல்லுங்க."

பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் ஃபோனை என் கையிலிருந்து பிடுங்கினாள். "போர்டு மாட்டுறதுக்காண்ணே நான் படிச்சேன்? இங்க ஜிம்முல பவுடர் விக்கிறவன்கூட போர்டு மாட்டியிருக்கான்."

சங்கம் கேட்ட காகிதங்கள் கொஞ்சமல்ல. கல்லூரியில் படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டம் வேண்டும், எத்தனை மணி நேரம் நடத்தினார்கள் என்ற விவரம் வேண்டும். இருபது வருடத்துக்கு முந்தைய பாடத்திட்டத்தை யார் வைத்திருப்பார்கள்? சுமதியின் கூடப் படித்த தோழி ஒருத்தி கல்லூரி நூலகத்தில் அரை நாள் தூசி தட்டி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினாள். கடைசிப் பக்கத்தில் அவள் கட்டை விரலும் விழுந்திருந்தது. அதையும் சேர்த்தே அனுப்பினோம்.

வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு கடிதம். தினமும் சுமார் அறுபது நோயாளிகளைப் பார்த்தார் என்று அவர்கள் பெருமையாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். சங்கத்திலிருந்து பதில் வந்தது: அறுபது என்பது மாதத்துக்கா? இல்லை, நாளைக்கு என்றாள் சுமதி. மறுபடி பதில்: அப்படியென்றால் ஒரு நோயாளியோடு எத்தனை நிமிடம் பேசினீர்கள்?

இரண்டு நாள் இவள் பதிலை எழுதி எழுதி அழித்தாள். உண்மையைச் சொன்னால் ஐந்து நிமிடம் தேறும், கூட்டம் அதிகமான நாளில் மூன்று. பொய் சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில் 'தேவையான அளவு' என்று எழுதி அனுப்பினாள். அவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்களோ, கோப்பு நகர்ந்தது.

எழுத்துத் தேர்வுக்கு இந்த ஊர்ச் சாப்பாட்டை முழுசாகப் படிக்க வேண்டியிருந்தது. ரொட்டியில் தடவும் கறுப்புப் பசையில் எவ்வளவு உப்பு, கால்பந்து மைதானத்தில் விற்கும் இறைச்சி அடைத்த மாவுப் பண்டத்தில் எவ்வளவு கொழுப்பு. சைவமாகவே வளர்ந்தவள் ஆட்டிறைச்சித் துண்டின் எடையை மனப்பாடம் செய்தாள். ஒருநாள் என் தட்டில் ஒரு சின்னக் குவியல் சோறு வைத்து, இங்கே ஒரு பரிமாறல் என்றால் இவ்வளவுதான், அரை கப் என்று காட்டினாள். "இதைக் கோயில்ல தொன்னையில கொடுப்பாங்க, மிச்சம் எங்க?" என்று கேட்டேன். எழுத்துத் தேர்வில் முதல் தடவையே தேறிவிட்டாள்.

3

சான்று கைக்கு வரும்வரை சும்மா இருக்க முடியாதென்று கிளேட்டன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சாப்பாட்டுத் தட்டுகளை வண்டியில் அடுக்கி அறை அறையாகக் கொண்டு வைப்பது, பிறகு திரும்ப எடுத்து வருவது. வாரத்தில் ஒருநாள் கழுத்தில் அட்டை தொங்க ஒரு இளம் டயட்டீஷியன் வந்து போவாளாம். அந்த அட்டையைத்தான் முதலில் பார்ப்பேன், முகத்தை அப்புறம்தான் பார்ப்பேன் என்று சுமதி ஒருநாள் சொன்னாள்.

அங்கே ஒரு தாத்தாவின் தட்டு தொடர்ந்து பாதி மிச்சத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. பசியில்லை என்று குறிப்பில் எழுதியிருந்தார்கள். சுமதி இரண்டு நாள் கவனித்தாள். அவருக்குத் தயிர்க் கோப்பையின் மூடியைப் பிரிக்க விரலில் வலுவில்லை. கேட்க வெட்கம். இவள் பிரித்து வைத்தாள், அவர் வழித்துச் சாப்பிட்டார். மேற்பார்வை பார்க்கும் பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, தன்மையாகத்தான், அது உன் வேலை எல்லைக்குள் வராது, இன்னொரு தடவை செய்யாதே என்று சொல்லியிருக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "ஒரு தயிர் மூடியைத் திறக்கக்கூட லைசென்ஸ் வேணுமாம்ங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

4

நேர்முகத் தேர்வு சிட்னியில் நடந்தது. ஒரு அறையை ஆலோசனை அறைபோல அமைத்து, நடிக்கத் தெரிந்த ஒருவரை நோயாளியாக உட்கார வைத்திருப்பார்கள். மூலையில் இரண்டு பேர் மதிப்பெண் போடுவார்கள். ஒன்பது வருடம் நாளுக்கு அறுபது பேரைப் பார்த்தவளுக்கு இது ஜுஜுபி என்று நான் தெம்பு சொல்லி அனுப்பினேன்.

திருச்சியில் அவள் எப்படி வேலை பார்ப்பாள் என்று சொன்னால்தான் சிட்னியில் நடந்தது புரியும். சர்க்கரை என்று ஒரு ஆள் வந்தால் அவரிடம் இவள் அரை நிமிடத்துக்கு மேல் பேச மாட்டாள். என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டால் 'சாப்பாடு' என்பார். எவ்வளவு என்றால் 'அளவாத்தான்' என்பார். அதனால் நாற்காலியைக் கூட வந்த மனைவி பக்கம் திருப்பிக்கொள்வாள். வீட்டில் எத்தனை பேர், மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ சர்க்கரை? மூன்றே கேள்வியில் அந்த ஆளின் வயிற்றுக்குள் போவது முழுக்கத் தெரிந்துவிடும். சொல்ல வேண்டியதையும் அந்த அம்மாவிடமே சொல்லி அனுப்புவாள். சமைக்கிற கையிடம் பேசு, சாப்பிடுகிற வாயிடம் பேசாதே என்பது அவளுடைய சித்தாந்தம். அது பலித்தும் வந்தது.

சிட்னி அறையில் ஒரு அறுபது வயது வெள்ளைக்காரர், நீரிழிவு நோயாளியாக. பக்கத்தில் அவர் மனைவியாக ஒரு பெண்மணி. சுமதி வணக்கம் சொன்னாள், அவர் பெயரைச் சரிபார்த்தாள், பிறகு நாற்காலியை அந்தப் பெண்மணி பக்கம் திருப்பினாள். மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்?

அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டில் சமைப்பது நான்தான் என்றார்.

இங்கேதான் இவள் செய்யக் கூடாததைச் செய்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்து, உங்கள் கணவர் ரொம்பத் தமாஷானவர் என்றாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. மிச்ச நேரம் முழுக்க, அவருக்கு எதைச் சமைக்க வேண்டும், எதைச் சமைக்கக் கூடாது என்று அந்த அம்மாவிடமே விலாவாரியாகச் சொல்லி முடித்தாள். மணி அடித்தது.

முடிவுக் கடிதத்தில் 'நோயாளியை மையமாக வைத்து உரையாடவில்லை' என்றிருந்தது. நாலைந்து தடவை படித்துவிட்டு எங்களிடம் கேட்டாள். "நான் முழுக்க அந்த ஆளைப் பத்தித்தானே பேசினேன்?"

எங்கள் மகள் யாழினி அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "எக்ஸாக்ட்லி, அம்மா. அபௌட் ஹிம். நாட் டு ஹிம்."

இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. அதுவும் தவறினால் இங்கே பல்கலைக்கழகத்தில் முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் வர வேண்டும். "போதும்ங்க. தட்டே தள்ளிக்கிறேன். அதுவும் சாப்பாட்டு வேலைதானே" என்று சுமதி சொன்னபோது, அவளை இந்த ஊருக்கு அழைத்து வந்தவன் நான்தான் என்பது எனக்கு உறைத்தது. என் கம்பெனியில் இங்கே மாற்றினார்கள், நாங்கள் வந்தோம். வேலையை விட்டு வந்தவள் அவள்.

5

அவளை மறுபடி தேர்வுக்கு இழுத்து வந்தது யாழினி. இது எனக்கே ஆச்சரியம். ஐந்தாம் வகுப்பில் இங்கே வந்து சேர்ந்தவள், ஆறாம் வகுப்பில் பள்ளிக்கு இட்லி எடுத்துப் போவதை நிறுத்தினாள். பிறகு படிப்படியாக எங்களோடு பேசுவதும் சுருங்கிவிட்டது. நாங்கள் தமிழில் கேட்போம், 'ஃபைன்', 'மே பி' என்று பதில் வரும், கதவு மூடிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தானாகவே ஹாலுக்கு வந்து சாப்பாட்டு மேஜையை ஓரம் தள்ளி, மூன்று நாற்காலிகளைப் போட்டாள்.

ஒன்று அம்மாவுக்கு. எதிரே ஒன்று நோயாளிக்கு. நோயாளிக்குப் பக்கத்தில் மூன்றாவது, நோயாளியின் மனைவிக்கு. அதில் பத்துக் கிலோ பொன்னி அரிசிப் பையை நிமிர்த்தி உட்கார வைத்து, தன் பழைய சிவப்புக் கழுத்துத் துணியை அதற்குக் கட்டிவிட்டாள்.

"அம்மா, திஸ் இஸ் த வைஃப். யூ லுக் அட் ஹெர், யூ லூஸ் எ மார்க்."

முதல் ஞாயிறு பதினொரு தடவை அரிசிப் பையைப் பார்த்துப் பேசினாள் சுமதி. அதில் ஒரு தடவை அதனிடம் எண்ணெய்க் கணக்கும் கேட்டாள். நாங்கள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இந்த மெல்பர்ன் வீட்டில் மூவரும் சேர்ந்து அப்படிச் சிரித்து எத்தனை காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

நோயாளியாக நடிக்க முதலில் பக்கத்து வீட்டுப் பரமேஸ் அன்ரியைக் கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர். உண்மையாகவே முப்பது வருடமாகச் சர்க்கரை உள்ளவர், அதனால் நடிப்பு நன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டோம். அன்ரி கையில் கேக்கோடு வந்து உட்கார்ந்தார். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று சுமதி ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டாள்.

"காலமை ரெண்டு துண்டு பாண், பிள்ளை. வேறை ஒண்டுமில்லை."

"பிரெட்டுல என்ன தடவுவீங்க அன்ரி?"

"கொஞ்சம் பட்டர். பிறகு ஜாம். சும்மா வாசத்துக்கு."

"அன்ரி, யூ ஹாவ் டு ஆன்சர் இன் இங்கிலீஷ்" என்றாள் யாழினி, பேனாவை ஆட்டிக்கொண்டு.

"எனக்கு இங்கிலீசிலை பொய் சொல்லத் தெரியாது, பிள்ளை."

ஜாமை விட முடியும் என்ற நம்பிக்கை உங்களுக்குப் பத்துக்கு எத்தனை என்று சுமதி அடுத்த கேள்வியைப் போட்டாள். அப்படிக் கேட்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். அன்ரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"பத்திலை எத்தினையெண்டோ? முப்பது வருசமா எனக்குச் சீனி வருத்தம். என்ரை மனுசன் ஒருநாளும் என்னை இப்பிடிக் கேட்டதில்லை. நான் போட்டு வாறன்."

கேக்கை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் நானே நோயாளி. மாணிக்கமாக இருந்து எனக்குக் கொழுப்பு ஏறியது, சுப்பையாவாக இருந்து சிறுநீரகம் கெட்டது, பழனியப்பனாக இருந்து பல்லெல்லாம் விழுந்தது. தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் பேச்சு முழுக்க ஆங்கிலம். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் உறையூர்த் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர், திடீரென்று 'எப்படி இருக்கிறீர்கள் மிஸ்டர் சுப்பையா' என்று கேட்டுக்கொண்டோம்.

ஒன்று கவனித்தேன். கேள்வி கேட்டுவிட்டு சுமதி காத்திருக்கப் பழகிக்கொண்டாள். வாயைத் திறந்து சொல்லவந்ததை விழுங்கிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை என் முகத்தையே பார்ப்பாள். பதினெட்டு வருடத்தில் அவள் அப்படி என்னைப் பார்த்ததில்லை. நானும் அவளை அப்படிப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

6

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வழக்கமான பரிசோதனை என்று ரத்தம் கொடுத்திருந்தேன். டாக்டர் கூப்பிட்டனுப்பினார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி கோட்டைத் தாண்டிவிட்டது, இது நீரிழிவுதான் என்றார். ஒரு டயட்டீஷியனைப் பாருங்கள், கடிதம் தருகிறேன் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டார். என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார் என்றேன். அப்படியென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி என்றார்.

அறிக்கையை மடித்து, காரின் டாஷ்போர்டுப் பெட்டியில் காகிதங்களுக்கு அடியில் வைத்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்திலேயே இருந்தும் கவனிக்கவில்லையே, நானெல்லாம் எதற்கு இந்தத் தேர்வுக்குப் போகிறேன் என்பாள். புத்தகத்தை மூடிவிடுவாள். அந்த ஒரே வாய்ப்பும் என்னால் போகும். கோழைத்தனமும் கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை. ஊருக்கெல்லாம் சர்க்கரை பார்த்தவளின் கணவனுக்கே சர்க்கரை என்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

தேர்வுக்கு முந்தைய கடைசி ஞாயிறு. என் கைவசம் இருந்த நோயெல்லாம் தீர்ந்துவிட்டது. காரில் போய் அறிக்கையை எடுத்து, எண்களை ஒரு தாளில் எழுதினேன். பெயர் கந்தசாமி. வயதில் ஒன்றைக் கூட்டிப் போட்டேன். தாளை அவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் சிவப்புத் துணியோடு அரிசிப் பை. சோபாவில் யாழினி, மதிப்பெண் தாளோடு. நடந்த பேச்சு ஆங்கிலத்தில். தமிழாக்கித் தருகிறேன்.

"உங்கள் வீட்டில் சமைப்பது யார், கந்தசாமி?" இப்போதெல்லாம் அதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"முன்பு மனைவி. இப்போது அவள் படிக்கிறாள். பாதி நாள் நான்."

"வேலை நாளில் சாயங்காலம் வரை என்ன சாப்பிடுவீர்கள்?"

"மதியத்துக்கு வீட்டுச் சாப்பாடு. நான்கு மணிக்கு அலுவலகச் சமையலறையில் பிஸ்கட் இருக்கும்."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். காத்திருந்தாள்.

"நான்கு எடுப்பேன். சில நாள் ஆறு. மிச்சத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காரில் வரும்போது சாப்பிடுவேன்."

"அந்த நேரத்தில் பசிக்குமா?"

"இல்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் மேலே வந்துவிட்டது. "பழைய அலுவலகத்தில் யாராவது வந்து முதுகைத் தட்டி, டீக்குப் போகலாமா என்பார்கள். இங்கே எல்லோரும் நல்லவர்கள்தான். யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் நானே எழுந்து போகிறேன்."

இது எனக்குள் இருந்தது என்று சொல்லி முடிக்கும்வரை எனக்கே தெரியாது. அன்ரிக்கு ஆங்கிலத்தில் பொய் வரவில்லை. எனக்கு அதில் உண்மை சுலபமாக வந்தது.

"நீரிழிவு என்பது மனைவிக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவளுக்கு இப்போது வேறு கவலைகள்."

யாழினி தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். சுமதி அரிசிப் பையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அடுத்த ஆறு வாரத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய மூன்று விஷயங்களை நீங்களே சொல்லுங்கள் என்றாள். பிஸ்கட்டுக்குப் பதில் வறுத்த கடலை. மதியம் சாப்பிட்டதும் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குளத்தைச் சுற்றி இருபது நிமிட நடை. மூன்றாவதற்கு எனக்கு நேரம் ஆயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை.

"மனைவியிடம் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரத்துக்குள்."

"சரி. ஆறு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, இதே நேரத்துக்கு வாருங்கள்."

ஞாயிற்றுக்கிழமை எந்த கிளினிக் திறந்திருக்கும் என்று கேட்டு யாழினி அரை மதிப்பெண் குறைத்தாள். மற்றதெல்லாம் முழு மதிப்பெண். சுமதி எழுந்து, "சாம்பாருக்கு உப்புப் போட்டீங்களா?" என்று தமிழில் கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள். பிழைத்தேன் என்று நினைத்தேன்.

7

சிட்னிக்குப் போய்வந்தாள். எப்படி என்று கேட்டால், "தெரியல. நிறைய நேரம் சும்மா இருந்தேன்" என்றாள்.

நான் கந்தசாமியாகச் சொன்னபடி செய்தேன். டப்பாவில் கடலை எடுத்துப் போனேன். குளத்தைச் சுற்றி நடந்தேன். மூன்றாவது நாள் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர், நானும் வரட்டுமா என்று கேட்டார். ஆனால் வீட்டில் ஒரு மாற்றமும் இல்லை. பழைய சுமதிக்குச் சந்தேகம் தட்டியிருந்தால் மறுநாளே என் சோற்றில் பாதி காணாமல் போயிருக்கும். அதே கரண்டி, அதே அளவு. இவ்வளவு பெரிய டயட்டீஷியனுக்குப் புருஷனுக்குச் சர்க்கரை என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று உள்ளூர ஒரு வருத்தம்கூட வந்தது. மறைத்தவனும் நானே, வருத்தப்பட்டவனும் நானே.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை, முதியோர் இல்லத்திலிருந்தே ஃபோன் செய்தாள். "என்னங்க" என்றாள். பின்னால் தட்டுவண்டிச் சத்தம் கேட்டது. "பாஸா?" என்றேன். "ம்" என்றாள். அலுவலகக் கார் நிறுத்தத்துக்கு இறங்கிப் போய் நின்று அழுதேன். அன்று மாலை அன்ரி கேக்கோடு வந்து, "சீனி குறைச்சுத்தான் போட்டனான்" என்று நாலு பேர் சாப்பிடும் துண்டை ஒருத்திக்கே வெட்டிக் கொடுத்தார்.

ஞாயிறு காலை துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தேன். ஹாலில் மூன்று நாற்காலிகள். சிவப்புத் துணி கட்டிய அரிசிப் பை. ஒன்றில் சுமதி உட்கார்ந்திருந்தாள்.

"பாஸ் பண்ணியாச்சே, இன்னும் என்ன?" என்றேன்.

"மிஸ்டர் கந்தசாமி, ப்ளீஸ் டேக் எ சீட்."

உட்கார்ந்தேன். பிஸ்கட் என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நிறுத்திவிட்டேன் என்றேன். நடை? வாரத்தில் ஐந்து நாள் என்றேன். ரொம்ப நல்லது என்று குறித்துக்கொண்டாள். பிறகு எதிரே இருந்த சின்ன மேஜையில் கசங்கிய பிஸ்கட் உறைகள் நாலைந்தை வைத்தாள்.

"உங்க பேன்ட் பாக்கெட்டுல இருந்துச்சு. கந்தசாமி வர்றதுக்கு முன்னாடி வாரமே துவைக்கறப்ப எடுத்து வெச்சேன். ஏன்னு அப்பத் தெரியல."

"அப்ப அன்னைக்கே..."

"நாலு, சில நாள் ஆறுன்னீங்க இல்ல, அப்பவே."

"ஏன் சுமதி கேக்கல?"

"பேஷண்ட் ஆறு வாரம் டைம் கேட்டாரு. கொடுத்தேன்." உறைகளை ஒவ்வொன்றாக நீவினாள். "தினமும் உங்களுக்குச் சோறு போடறப்ப கரண்டி அப்படியே நிக்கும்ங்க. குறைச்சிரலாமான்னு. குறைச்சா நான் மறுபடி ஃபெயில்தான்னு முழுசாவே போட்டுருவேன். நீங்க குளத்தைச் சுத்தறீங்களான்னு உங்க ஷூவைப் பாத்துக்குவேன். மண் இருந்தா நிம்மதியா இருக்கும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று விஷயத்தில் இரண்டு முடிந்தது, மூன்றாவது என்ன ஆயிற்று என்று கேட்டாள். தினமும் சொல்ல நினைத்து, தினமும் நாளைக்கு என்று தள்ளியிருந்தேன்.

அவள் எழுந்தாள். அரிசிப் பையின் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில், மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். டயட்டீஷியனின் நாற்காலி காலியாக இருந்தது.

"இப்ப சொல்லுங்க. என்கிட்ட இன்னும் யாரும் சொல்லல."

டாக்டரிடம் ஆங்கிலத்தில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டவன்தான் நான். டயட்டீஷியனிடம் ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தவன்தான். தமிழில் அந்த ஒரு வாக்கியத்துக்கு வாய் எழவில்லை. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சர்க்கரை வந்திருக்கு, சுமதி."

ஆறு வாரமாகத் தெரிந்து வைத்திருந்தவள், அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டவள்போல, என் தோளில் சாய்ந்து அழுதாள்.